கோஷம் என்று காதில் விழுந்தது

ஏலப்பாறைக்கு மேலே, எஸ்டேட் லயத்து வரிசை வீடு
22 செப்டம்பர் 2024

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடு. வெறுமனே கிழித்தால் போதாது. நீ போன பிறகு உன் பழைய கடிதம் ஒன்றை அப்பா துண்டு துண்டாக ஒட்டவைத்துப் படித்தார். அதனால் சொல்கிறேன்.

உன் வீட்டு முகவரி தெரியாது. கோயம்புத்தூரில் நீ படிக்கிற கல்லூரியின் விலங்கியல் துறைக்கே, செல்வப்பிரியா என்று உன் பெயரைப் போட்டு அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனால்தான் நீ ஓடிப்போனாய் என்று அப்பா முடிவுகட்டிவிட்டதால் வீட்டுப் போன் அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. என் கூடப் படிக்கிற ஆன்மேரி டவுனில் இருக்கிறாள். பதிலை அவள் முகவரிக்குப் போடு, கீழே எழுதியிருக்கிறேன். லவ் லெட்டரா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு என்று சொல்வதைவிட அது பயமில்லாமல் இருந்தது.

நமக்கு ஒரு தம்பி பிறந்தான் அக்கா. போன வருடம் நவம்பரில். டின்டு என்று கூப்பிட்டோம். இந்த ஜூன் மழையில் செத்துப்போனான். இதை உனக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்.

அவனுக்குத் தலை நிற்கவே இல்லை. மாமா மகன் சிஜு தன் ஜீப்பில் எங்களைக் கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் நன்றாகத்தான் பேசினார், மலையாளத்தில் நிறையச் சொன்னார். அப்பாவின் காதில் விழுந்தது ஒரு வார்த்தைதான். கோஷம். கோஷத்தால் நரம்பு நாசமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக வீட்டுக்கு வந்து சொன்னார்.

டின்டு வயிற்றில் இருந்தபோது ஓணத்துக்கு முன்னால் வேலையை நிறுத்தி, போனஸ் கேட்டு எஸ்டேட்டில் சமரம் நடந்தது. ஆபீஸ் முற்றத்தில், மழையில், அம்மாதான் முதல் வரியைக் கத்துவாள். மற்றப் பெண்கள் எல்லாம் திருப்பிச் சொல்வார்கள். அம்மாவின் குரல் உனக்குத் தெரியும், மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்கும். அந்தக் கோஷம்தான் பிள்ளையின் நரம்பை அறுத்துவிட்டது என்று அப்பா நம்புகிறார். அம்மாவும் நம்பிவிட்டாள். டின்டுவைப் புதைத்துவிட்டு வந்த நாளில், "வாயைக் கட்டியிருந்தா எம்புள்ள நடந்திருப்பான்" என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் பேசுவதில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூடத் தட்டைக் காட்டித்தான் கேட்கிறாள்.

இன்னொன்று. வருகிற தை மாதம் எனக்கும் சிஜுவுக்கும் உறுதி பண்ணப்போகிறார்கள். கல்யாணம் பதினெட்டு முடிந்த பிறகாம். மொக்கையன் மாமா அப்பாவிடம், மூத்தவள்தான் ஏமாற்றிவிட்டாள், சின்னவளையாவது குடு என்று கேட்டாராம். அப்பா உடனே சரி சொல்லிவிட்டார். சிஜு கெட்டவன் இல்லை. ஆனால் அவன் உனக்கென்று சொல்லி வைத்திருந்தவன்.

நீ கோழிக் குஞ்சுகளின் நரம்பைப் பற்றித்தானே படிக்கிறாய். கத்தினால் வயிற்றுப் பிள்ளைக்கு நரம்பு செத்துப்போகுமா? இதை மட்டும் எழுது. ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறேன் என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் தெரியட்டும் என்று தவளைப் படம் மேலே இருக்கிறது.

மோனிஷா

---

ஆனைகட்டி
4 அக்டோபர் 2024

மோனி,

தம்பி பிறந்ததையும் போனதையும் ஒரே பக்கத்தில் படித்தேன். லேபில் மற்றவர்கள் இருந்தார்கள். முட்டைகள் வைத்திருக்கும் சூட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. யாரைப் போல?

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இல்லை. கத்தினால் சாகாது. சமரத்தில் கத்தினாலும், திருவிழாவில் கத்தினாலும், மலைமேல் நின்று கத்தினாலும் சாகாது. அம்மாவிடம் இதைச் சொல்.

நான் பார்க்கிற வேலையையும் சொல்கிறேன், உனக்குத் தைரியமாக இருக்கும். அடைக்கு வைத்த முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி உள்ளே பார்ப்போம். உடம்பு உருவாகும்போது முதுகுத் தண்டில் நரம்பு செல்கள் தேவைக்கு மேல் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் நூல் மாதிரி நீண்டு, கால் முளைக்கிற இடத்தைத் தேடிப் போகும். அங்கே தசை இருக்கிறது. அது கொடுக்கிற ஏதோ ஒன்று கிடைத்தால்தான் அந்தச் செல் நிலைக்கும். எல்லாவற்றுக்கும் போதுமான அளவு அது இருப்பதில்லை. கிடைக்காத செல் தன்னையே ஒடுக்கிக்கொண்டு, சுருங்கி, துண்டாகிவிடும். பக்கத்துச் செல்கள் அதைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்துவிடும். வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. கோழிக் குஞ்சில் கிட்டத்தட்டப் பாதி இப்படிப் போய்விடும். அப்படிப் போனால்தான் கணக்காக அமைந்து குஞ்சு நடக்கும். கால் முளைக்கும் மொட்டை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துச் செல்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். கூடுதலாக ஒரு மொட்டை ஒட்டி வைத்தால் சாக வேண்டியவற்றில் பல பிழைத்துக்கொள்ளும்.

ஆக, நரம்பு செல் சாவது என்பதே பாவம் இல்லை, சாபம் இல்லை. அது நம் எல்லாருக்குள்ளும் நடந்த ஒன்று.

டின்டுவுக்கு என்ன நடந்தது என்பதை நீ இன்னும் விவரமாக எழுத வேண்டும். காலை எப்படி வைத்திருந்தான், நாக்கு எப்படி இருந்தது, பால் குடித்தானா, மூச்சு இழுக்கும்போது வயிறு ஏறி நெஞ்சு உள்ளே போனதா? டாக்டர் சொன்னதை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், காதில் விழுந்த மாதிரியே எழுது.

எனக்கு இந்த நாட்களில் உடம்பு முடிவதில்லை. ஆனைகட்டியிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிறேன். முட்டை வாடை ஒத்துக்கொள்ளவில்லை. உன் அத்தான் பெயர் காளிச்சாமி. பண்ணையிலிருந்து எங்கள் லேபுக்கு முட்டை கொண்டுவரும் வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, நீ சொன்னதற்காக.

உறுதி பற்றி இப்போது ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா

---

ஏலப்பாறை
23 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதத்தை ஆன்மேரி வகுப்பில் வைத்தே கொடுத்துவிட்டாள். "உன் ஆளுக்குக் கையெழுத்து பொம்பளை மாதிரி இருக்குடி" என்று காதில் சொன்னாள். படித்துவிட்டு ஊறப்போட்டேன். மை கரைய நேரமாகிறது.

டின்டு உன்னைப் போல இருந்தான். அதனால்தான் அப்பா அவனை முதலில் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார், பிறகு இறக்கியே வைக்கவில்லை.

காலைத் தவளை மாதிரி அகட்டி வைத்திருப்பான், தூக்க மாட்டான். கையில் விரல்கள் மட்டும் ஆடும். நாக்கை வெளியே நீட்டாமலே அதன் மேல் சின்னச் சின்னப் புழு நெளிவது போல இருக்கும். பால் குடித்தால் களைத்துவிடுவான். அழுகைச் சத்தம் பூனைக்குட்டி அளவுதான். நீ கேட்ட மாதிரியே மூச்சுக்கு வயிறு ஏறி நெஞ்சு உள்ளே போகும். ஆனால் கண் மட்டும் பளிச்சென்று இருக்கும் அக்கா. யார் எழுந்து போனாலும் அவர்கள் பின்னாலேயே போகும். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னோம்.

டாக்டர் சொன்னது இதுதான். அன்று நான் அவனை மடியில் வைத்திருந்தேன், மறக்கவில்லை. "சுஷும்னயிலெ நாடீகோஷங்ஙள் நசிச்சு போகுந்நு." அதற்கு முன்னால், "நிங்ஙள் அடுத்த பந்துக்களாணோ" என்று கேட்டார். அப்பா பெருமையாக, "ஆமா சார், மாமன் மகதான்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஜீன் என்று ஏதோ சொன்னார், இரண்டு பேரையும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அம்மா கொடுத்தாள். அப்பா ஜீப் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். போன வாரம் எங்கள் வகுப்பில் நரம்பு மண்டலம் நடந்தது. புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது மலையாளம். நான் பத்தாவது வரை தமிழில் படித்ததால் செல் என்றால்தான் எனக்குத் தெரியும். டீச்சர் போர்டில் ஒரு செல்லின் படம் போட்டு, பக்கத்தில் மலையாளத்தில் நாடீகோசம் என்று எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோசம். கோசம் என்றால் செல். டாக்டர் சொன்னது கோஷம் இல்லை. முதுகுத் தண்டில் நரம்பு செல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னார். அவ்வளவுதான். ச-வும் ஷ-வும் அப்பாவின் காதில் ஒன்றாகப் போய் விழுந்திருக்கின்றன.

எனக்கு வகுப்பிலேயே சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார். வெளியே போன பிறகு அழுதேன். இந்த ஒரு எழுத்துக்காக அம்மா இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

வீட்டில் சொல்லலாம் என்று வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன" என்றார். ஒன்றுமில்லை என்று உள்ளே வந்துவிட்டேன். உனக்கு இந்த வார்த்தையின் அர்த்தம் எப்படித் தெரியும், யார் சொன்னது, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்பார்.

நீ எழுதியதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அப்படியானால் டின்டுவின் செல்கள் கூடுதலாக இருந்தவைதானா? எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இந்த லயத்தில் நாம் இரண்டு பெண்கள். வெளியே போக ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. நீ நூலை நீட்டிப் பிடித்துக்கொண்டாய். எனக்குக் கிடைக்கவில்லை. நான் சத்தம் போடாமல் சுருங்கிக்கொண்டால் எல்லாருக்கும் கணக்காக அமைந்துவிடும். வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. நீ எழுதியது அதுதானே. படிக்கப் படிக்க எனக்கு அலுப்பாக இருந்தது. தூங்கலாம் போல.

மோனி

---

ஆனைகட்டி
2 நவம்பர் 2024

மோனி,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கோழிக் குஞ்சின் முதுகுத் தண்டில் நடப்பதை எடுத்து லயத்து வாசலில் வைக்காதே. அந்தச் செல் எனக்கு வேண்டும் என்று கேட்க முடியாது. வேறு இடம் தேடி எழுந்து போக முடியாது. நீ கேட்கலாம், போகலாம். கூடுதல் பிள்ளை என்று ஒரு வீட்டிலும் யாரும் இல்லை. தூங்கலாம் போல என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதிரித் தூக்கம்? மறைக்காமல் அடுத்த தபாலில் எழுது. எழுதாவிட்டால் அப்பா வெட்டினாலும் பரவாயில்லை என்று நானே பஸ் ஏறிவிடுவேன்.

உன்னைத் தேற்ற வேண்டுமென்று அவசரத்தில் எழுதினேன். பாதிதான் எழுதினேன். அது என் தப்பு.

டின்டுவுக்கு நடந்தது நான் சொன்ன சாவு இல்லை. கருவில் போகிற செல்கள் தசையிடம் ஆதரவு கிடைக்காமல் போகின்றன, மிச்சம் இருப்பவை நன்றாக இருக்கின்றன. டின்டுவின் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. காலைப் பிடித்தன, நாக்கைப் பிடித்தன. அதற்குப் பிறகு உயிரோடிருக்க அவற்றுக்கு உள்ளேயே ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்கிற ஜீன் அவனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கெட்டுப்போய் வந்திருக்கிறது. அதனால் இருக்க வேண்டிய செல்கள் ஒவ்வொன்றாய் அணைந்துவிட்டன. நீ எழுதிய நாக்கும் கண்ணும் அந்த நோயின் அடையாளங்கள்தான். என் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. வருடக்கணக்காக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இரண்டு பக்கம் என்றால் அப்பாவும் அம்மாவும். இருவருக்கும் ஒரு கெட்டது, ஒரு நல்லது இருந்திருக்கும். ஒரு நல்லது இருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, வெளியே தெரியவே தெரியாது. சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பழைய பாட்டனிடமிருந்து அதே கெட்டது இரண்டு பக்கமும் வந்து சேர வழி அதிகம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தது அதற்காகத்தான்.

இப்போது புரிகிறதா? உனக்கும் ஒன்று இருக்கலாம். சிஜுவுக்கும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு டின்டுவாகப் பிறக்க வழி உண்டு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பயமில்லை. ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். உறுதிக்கு முன்னால் இரண்டு பேரும் பார்த்துவிட வேண்டும். சிஜுவிடம் சொல். அம்மாவிடம் சொல். அப்பாவிடமும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

எனக்கும் இருக்கலாம். நான் முழுகாமல் இருக்கிறேன் மோனி. நாலாவது மாதம். அதை முதல் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. நாளை நானும் அவரும் ரத்தம் கொடுக்கப் போகிறோம். உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லாமல் இதற்குக் கூப்பிட முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஊசி என்றதும், "ஏனுங் அம்மிணி, இத்தன நாளா முட்டையத்தான் குத்திக் குத்திப் பாத்துட்டிருந்தீங்க, இப்ப என்னையுமா" என்றார். பிறகு வெளியே போய் வேனை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரியா

---

ஏலப்பாறை
24 நவம்பர் 2024

அக்கா,

முதலில் நீ கேட்டது. அலுப்புத்தான் அக்கா, வேறு இல்லை. சாக வேண்டும் என்று இல்லை. யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஒருநாள் அதிகமாக இருந்தபோது ஆன்மேரியிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் கிண்டல் பண்ணவில்லை. என் கூடவே லயம் வரை நடந்து வந்தாள்.

ஆனால் உன் மேல் கோபமாக இருக்கிறேன். சொல், சொல், சொல் என்று மூன்று பேருக்குச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறாய். நீ ஏன் சொல்லவில்லை? நீ ஒரு இரவில் பையை எடுத்துக்கொண்டு போனாய். மறுநாள் மாமா வாசலில் நின்று கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னது அம்மா. அப்பா அடித்தது என்னை, எனக்கு முன்னாலேயே தெரியும் என்று. எனக்குத் தெரியாது. நீ என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நான் அப்பாவிடம் போய், நீங்கள் உங்கள் மாமன் மகளைக் கட்டியதால்தான் டின்டு செத்தான் என்று சொல்ல வேண்டும். அம்மாவின் தலையில் இருக்கிற கல்லை எடுத்து அப்பாவின் தலையில் பாதி வைக்கச் சொல்கிறாய். பாதி மறுபடியும் அம்மாவின் தலையில்தான்.

நேற்று அம்மாவிடம் ஆரம்பித்தேன். டின்டு என்ற பெயரை எடுத்ததுமே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பிள்ளை எப்படி இருக்கிறது? கோபத்தில் அதைக் கேட்காமல் விட்டுவிடப் பார்த்தேன்.

மோனிஷா

---

ஆனைகட்டி
12 டிசம்பர் 2024

மோனி,

நீ எழுதியது எல்லாம் சரி. அடிபட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனோ என்று யோசித்தேன். போயிருப்பேன். ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு ஒன்று கெட்டது இருக்கிறது. அவருக்கு இல்லை. பிள்ளைக்கு அந்த நோய் வர வழி மிகமிகக் குறைவு என்று டாக்டர் சொன்னார். உன் அத்தான் வழியில் வேனை ஓரம் கட்டி, "உங்க ஊட்ல என்னைய வேண்டாம்னுதான சொல்லுவாங்க, அந்த வேத்து ரெத்தந்தான் இப்ப நம்ம புள்ளைக்கு ஆச்சுங்க" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. களைத்துப்போன குரல்.

ஆக நம் குடும்பத்தில் அது இருக்கிறது, இனிச் சந்தேகம் இல்லை. நான் வந்து அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். நான் படி ஏறினால் சொல்ல வந்ததை யாரும் கேட்க மாட்டார்கள், நான் வந்ததைத்தான் பேசுவார்கள். அதனால்தான் உன் மேல் சுமத்தினேன். அது நியாயம் இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அவளால் முடியாவிட்டால் எழுது, உறுதி அன்று நான் வந்து வாசலில் நிற்கிறேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும்.

அக்கா

---

ஏலப்பாறை
25 ஜனவரி 2025

அக்கா,

நாளைக் காலையில் உறுதி. மாமா வீட்டார் மதியமே சின்னக்கானலிலிருந்து வந்துவிட்டார்கள். முன் அறையில் எல்லாரும் இருக்கிறார்கள். நான் அடுப்படிக் கதவைத் தாழ்போட்டுவிட்டு எழுதுகிறேன். புது உடுப்பைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் பொங்கலுக்கு மறுநாள் சொன்னேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், எழுந்து போக முடியாது. கரித்துண்டால் தரையில் இரண்டு வார்த்தைகளையும் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்க வரும். "இது நீ போட்டது. இது டாக்டர் சொன்னது. இதுக்கு அர்த்தம் செல்லு. உடம்புக்குள்ள இருக்குறது. நீ கத்துனதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ நான் கத்துனது இல்லையா" என்று கேட்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் குரல், துருப்பிடித்த மாதிரி. இல்லை என்றேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். கால் விரலால் ஒரு வார்த்தையை மட்டும் அழித்தாள். அதற்குப் பிறகு மற்றதையும் சொன்னேன். உன் ரத்தத்தைப் பற்றி, நீ முழுகாமல் இருப்பதைப் பற்றி. அழவில்லை. எத்தனை மாதம் என்று விரலைக் காட்டிக் கேட்டாள்.

சிஜுவிடம் இன்று சொன்னேன். அவன் ஜீப்பிலிருந்து வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று, ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். "என்ன புள்ள, உறுதிக்கு முன்னாடியே டெஸ்ட் வைக்குற. நான் எட்டாங்கிளாஸ்லயே டெஸ்ட்டுக்குப் பயந்துதான் வண்டியப் புடிச்சேன்" என்று சிரித்தான். டின்டுவின் பெயரைச் சொன்னதும் தாரை அப்படியே கீழே வைத்துவிட்டான். கோட்டயம் போன அன்று வண்டிக் கண்ணாடியில் டின்டுவின் கண் அவனையே பார்த்துக்கொண்டு வந்ததாம், அதனால் பின்னால் வந்த லாரிகூடத் தெரியவில்லையாம். முழுதும் கேட்டான். உனக்கு வந்த முடிவையும் சொன்னேன். உன் பெயரைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆனது, பிறகு சரியாகிவிட்டது.

"ரெத்தம் குடுக்குறது ஒரு விசயமா. எங்கப்பனுக்கு யாரு சொல்றது" என்றான். நான் குழாயை மூடினேன். "சரி, ராத்திரி நானே சொல்றேன். முடிவு வர்ற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்பேன். அடி விழுந்தா உங்கக்காகிட்ட எழுது, எனக்கும் ஒரு இடம் பாத்து வைக்கச் சொல்லி" என்றான்.

இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான். பலகைச் சுவர், எல்லாம் கேட்கிறது. நீயும் கேட்கிற மாதிரி எழுதுகிறேன்.

மாமா கத்துகிறார். ரத்தம் பார்த்துப் பெண் எடுக்கிற அளவுக்கு நாம் என்ன அந்நியமா என்கிறார். இது ஓடிப்போனவள் ஓதிக்கொடுத்தது என்கிறார். அப்பாவின் சத்தத்தையே காணோம். சிஜு ஏதோ சொல்கிறான், அறை விழுந்த சத்தம். யாருக்கு என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

அம்மா.

அம்மா பேசுகிறாள். தம்பியிடம், ஆபீஸ் முற்றத்துக் குரலில். "டேய் மொக்கையா, உக்காரு. டாக்டர் சொன்னது கோஷம் இல்லடா. நான் கத்துனதுல எம்புள்ள சாகல. ரெண்டு ரெத்தமும் பாக்காம இந்த வீட்டுல நாளைக்கு வெத்தல மாறாது." அடுத்த லயத்தில் நாய் குரைக்கிறது. பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கும்.

பெஞ்சு கிரீச்சிடுகிறது. மாமா உட்கார்ந்துவிட்டார்.

யாரோ எழுந்து நடந்து வருகிறார்கள். அப்பாவின் நடை.

தட்டுகிறார். ஓங்கித் தட்டவில்லை, விரலால்தான் தட்டுகிறார். "மோனி, கதவத் தொற. டாக்டர் சொன்ன அந்த வார்த்தைய நீயே வந்து சொல்லு. எனக்கு அது சரியாக் கேக்கல" என்கிறார். அக்கா, அவர் குரல் ஏன் இப்படி இருக்கிறது. தாழ்ப்பாள்கிட்டேயே நிற்கிறார். மறுபடியும் தட்டுகிறார். தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன்.